காட்டு பெர்ரி காப்ளர்: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

பெர்ரி பருவம் வந்துவிட்டால் போதும், பை நிறைய பழம் பறித்துக்கொண்டு வந்தவர்கள் எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளோடுதான் என்னிடம் வருகிறார்கள். தனித்தனியாகப் பதில் எழுதி எழுதி, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டுவிடலாம் என்று தோன்றியது. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்திருக்கிறேன். முதல் தடவை செய்கிறவர்கள் மேலிருந்து படியுங்கள், ஏற்கெனவே செய்து சொதப்பியவர்கள் நேராகக் கீழே போகலாம்.

காப்ளர்னா என்ன? பை, கிரம்பிள் எல்லாம் இதுதானே?

இல்லை. பை என்றால் அடியில் மாவுத் தட்டு இருக்கும், பல சமயம் மேலேயும் மூடியிருக்கும். கிரம்பிள் என்றால் வெண்ணெய், மாவு, சர்க்கரை மூன்றையும் பிசறிய உதிரித் தூள் மேலே கிடக்கும். காப்ளரில் அடியில் மாவே கிடையாது. பாத்திரத்தில் பழம், அதன்மேல் மெத்தென்ற பிஸ்கட் மாவை உருண்டை உருண்டையாகக் கரண்டியால் போட்டு ஓவனில் வைப்பது, அவ்வளவுதான். வெந்து வந்ததும் மேற்பரப்பு கல் பாவிய தெரு போல மேடும் பள்ளமுமாக இருக்கும், இடுக்குகளில் கருஞ்சிவப்புச் சாறு பொங்கி வழியும். மாவை மெல்லியதாகத் தேய்க்க வேண்டாம், ஓரம் மடிக்க வேண்டாம். சமையலில் கை பழகாதவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

எந்தக் காட்டு பெர்ரியில செய்யலாம்? ஒரே வகையா இருக்கணுமா?

பிளாக்பெர்ரி, ராஸ்பெர்ரி, காட்டு புளூபெர்ரி, பில்பெர்ரி, ஹக்கிள்பெர்ரி, மல்பெர்ரி எல்லாமே சரிவரும். கலந்து போட்டால் இன்னும் நன்றாக இருக்கும் என்பது என் கருத்து. மல்பெர்ரி தனியாகப் போட்டால் வெறும் இனிப்பாகத் தட்டையாக இருக்கும், அதோடு கொஞ்சம் ராஸ்பெர்ரி சேர்ந்தால் புளிப்பு வந்து சுவை எழுந்து நிற்கும். பிளாக்பெர்ரியும் புளூபெர்ரியும் பாதிக்குப் பாதி போட்டால் விதைத் தொல்லையும் பாதியாகக் குறைந்துவிடும்.

எல்டர்பெர்ரி மட்டும் வேறு கதை. அதைப் பச்சையாகச் சாப்பிடக் கூடாது, வயிற்றைப் புரட்டிவிடும். காம்பு, இலை, பச்சைக் காய் எதுவும் சேராமல் நன்கு பழுத்ததை மட்டும் உதிர்த்தெடுத்து, முதலில் தனியாக நன்றாகக் கொதிக்கவைத்த பிறகே மற்ற பழத்தோடு சேர்க்க வேண்டும்.

பறிச்சது விஷப் பழம் இல்லைன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

எல்லாவற்றையும் விட முக்கியமான கேள்வி, ஆனால் இதைக் கேட்பவர்கள்தான் குறைவு. நூற்றுக்கு நூறு அடையாளம் தெரியாத பழத்தை வாயில் வைக்காதீர்கள், காப்ளரிலும் போடாதீர்கள். வேகவைத்தால் விஷம் போய்விடும் என்பது ஆபத்தான நம்பிக்கை. பறவை தின்கிறது, அதனால் நாமும் தின்னலாம் என்பதும் அப்படித்தான். போக்வீட் என்ற செடியின் பழத்தைப் பறவைகள் ஒன்றும் ஆகாமல் தின்னும், மனிதர்களுக்கு அது விஷம். ரோஜா நிறத் தண்டில், பளபளக்கும் கருநீல மணிகள் நீளமான கொத்தாகத் தொங்கினால் அது போக்வீட், விட்டுவிட்டு நகருங்கள்.

புளூபெர்ரி, பில்பெர்ரி பறிக்கப் போகிறவர்கள் பெல்லடோனா என்ற விஷச் செடியின் பழத்தை அவசியம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். கறுப்பாக, மினுமினுப்பாக, இனிப்பாகக்கூட இருக்கும், ஆனால் உயிரை எடுக்கும். அதன் பழம் ஒவ்வொன்றும் தனித்தனியாக, ஐந்து இதழ் கொண்ட பச்சை நட்சத்திரம் போன்ற புல்லிவட்டத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். புளூபெர்ரியில் அந்த மாதிரி நட்சத்திரம் காம்புப் பக்கம் இருக்காது, காம்புக்கு எதிர்ப்பக்கம், பழத்தின் உச்சியில் சின்னக் கிரீடம் போல ஒரு வளையம் இருக்கும். பிளாக்பெர்ரியும் ராஸ்பெர்ரியும் பல சின்ன மணிகள் ஒட்டிச் சேர்ந்த பழங்கள். பறிக்கும்போது ராஸ்பெர்ரியின் நடுத்தண்டு செடியிலேயே தங்கிவிடும், பழம் தொப்பி மாதிரி உள்ளே குழிவாக வரும். பிளாக்பெர்ரியில் அந்த நடுப்பகுதி பழத்தோடேயே வந்துவிடும்.

இதைப் படித்துவிட்டு மட்டும் காட்டுக்குள் போகாதீர்கள். கைபேசிச் செயலி காட்டும் பெயரை மட்டும் நம்பியும் போகாதீர்கள். அந்தப் பகுதியில் பல வருஷம் பறித்துப் பழகிய ஒருவரோடு முதல் சில தடவை போங்கள், பழத்தை மட்டும் பார்க்காமல் இலை, முள், தண்டு எல்லாவற்றையும் பார்த்துப் பழகுங்கள். வண்டிகள் நிறைய ஓடும் சாலையோரமும், களைக்கொல்லி தெளித்த வேலியோரமும் வேண்டாம்.

நல்லா கறுத்துப்போன பிளாக்பெர்ரிதான் பறிச்சேன், ஆனாலும் புளிக்குதே?

கறுப்பாக இருந்தால் பழுத்துவிட்டது என்று அர்த்தமில்லை. பளபளவென்று மின்னுகிற கறுப்பு இன்னும் புளிப்புதான். அதே பழம் சில நாள் கழித்து மினுக்கம் போய் மங்கலான கறுப்பாகும், அப்போதுதான் இனிப்பு. கை வைத்ததும் தானாகக் கழன்று விழ வேண்டும், இழுத்துப் பறிக்க வேண்டியிருந்தால் விட்டுவிடுங்கள். பறித்து வைத்துப் பழுக்கவைக்கலாம் என்றும் நினைக்காதீர்கள், பிளாக்பெர்ரி பறித்த பிறகு பழுக்காது.

ஆனால் காப்ளருக்குப் புளிப்புப் பழம் வீண் இல்லை. பத்தில் இரண்டு பங்கு சரியாகப் பழுக்காத பழம் இருந்தால் நல்லதுதான். அதில் பெக்டின் அதிகம், சாறு கெட்டியாக உதவும், சுவைக்கும் ஒரு கூர்மை வரும். முழுக்க முழுக்க மங்கலான கறுப்புப் பழமாகப் போட்டால் சாறு நிறைய விடும், எலுமிச்சையும் கூடுதலாகத் தேவைப்படும்.

கழுவினா கூழாயிடுது. புழு வேற நெளியுது. என்ன பண்றது?

குழாய்த் தண்ணீரை மேலே திறந்துவிடாதீர்கள். அகலமான பாத்திரத்தில் குளிர்ந்த தண்ணீர் நிரப்பி, ஒரு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி உப்பு போட்டுக் கரைத்து, பழத்தை அதில் மெதுவாக இறக்கி 15 நிமிஷம் வையுங்கள். உள்ளே இருக்கும் சின்ன வெள்ளைப் புழுக்கள் வெளியே வந்துவிடும். அவை பழ ஈயின் புழுக்கள், ஒன்றிரண்டு தப்பித்து வயிற்றுக்குள் போனாலும் கெடுதல் செய்யாது. பிறகு கையால் அள்ளி (கவிழ்த்துக் கொட்டினால் அடியில் தங்கிய மண்ணும் சேர்ந்து வரும்) நல்ல தண்ணீரில் ஒரு முறை அலசி, துணியில் பரப்பி ஈரம் போக விடுங்கள்.

செய்யப்போகும் நேரத்தில்தான் கழுவ வேண்டும். கழுவி ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாளே பூஞ்சை பிடிக்கும். கழுவாமல் அகலமான தட்டில் ஒரே அடுக்காக வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும்.

சரி, அளவு சொல்லுங்க. கண்ணளவு எல்லாம் வேண்டாம்.

23 செ.மீ. சதுரமும் 5 செ.மீ. ஆழமும் உள்ள பாத்திரத்துக்கு: பெர்ரி 900 கிராம் (சுமார் 6 கப்), சர்க்கரை 120 கிராம், கார்ன்ஃப்ளோர் 3 மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு 1 மேசைக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு. கார்ன்ஃப்ளோர் என்றால் வெள்ளை வெளேரென்ற நைஸ் மாவு, மஞ்சளாக இருக்கும் மக்காச்சோள மாவு இல்லை. அதைப் போட்டுவிட்டுச் சாறு கெட்டியாகவில்லை என்று கேட்டவர்கள் உண்டு. மேல் மாவுக்கு மைதா 200 கிராம், சர்க்கரை 50 கிராம், பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கட்டி வெண்ணெய் 85 கிராம், குளிர்ந்த பால் 150 மி.லி. உப்புப் போட்ட வெண்ணெயாக இருந்தால் உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஓவனை 190 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்குங்கள். சர்க்கரையையும் கார்ன்ஃப்ளோரையும் முதலில் ஒன்றாகக் கலந்துவிட்டுப் பிறகு பழத்தில் தூவிப் புரட்டுங்கள், நேராகப் போட்டால் கட்டி கட்டியாக நிற்கும். எலுமிச்சைச் சாறும் உப்பும் சேர்த்துப் பாத்திரத்தில் கொட்டி, மாவு போடாமல் பழத்தை மட்டும் 15 நிமிஷம் ஓவனில் வையுங்கள். அந்த நேரத்தில் மைதாவோடு மற்ற உலர்ந்த பொருள்களைக் கலந்து, வெண்ணெயைச் சிறு துண்டுகளாக்கிப் போட்டு, விரல் நுனியால் பிசறுங்கள். பட்டாணி அளவுக் கட்டிகள் அங்கங்கே இருக்கட்டும், அவை உருகி ஆவியாகும் இடத்தில்தான் மாவு பொரபொரப்பாகும். பழம் வெளியே வரும் சமயத்தில் பாலை ஊற்றி, மாவு ஒன்றுசேரும் வரை மட்டும் கிளறி நிறுத்துங்கள். மழமழவென்று ஆகும் வரை அடித்தால் ரப்பராகிவிடும். சூடான பழத்தின் மேல் எட்டு ஒன்பது உருண்டைகளாகப் போட்டு, மறுபடி 30 முதல் 35 நிமிஷம்.

சர்க்கரை 120 கிராம் போட்டேன். போன தடவை சரியா இருந்துச்சு, இந்தத் தடவை திகட்டுது. ஏன்?

ஏனென்றால் அது காட்டுப் பழம். பயிர் செய்த பழம் ஏறக்குறைய ஒரே சுவையில் இருக்கும். காட்டுப் புதரில் வெயில் படும் பக்கம் ஒரு சுவை, நிழல் பக்கம் ஒரு சுவை, மழை பெய்த மறுநாள் பறித்தால் சப்பென்று இன்னொரு சுவை. நான் சொன்ன அளவு ஒரு தொடக்கம்தான். பழத்தைக் கழுவியதும் ஒன்றை மட்டும் தின்று முடிவு செய்யாதீர்கள், வேறு வேறு இடத்தில் பறித்த ஐந்தாறு பழத்தைத் தின்று பாருங்கள். அப்படியே சாப்பிட நன்றாக இருந்தால் 80 கிராம் போதும், முகம் சுளித்தால் 150 வரை போகலாம்.

சர்க்கரை கலந்த பிறகும் அந்தச் சாற்றை நக்கிப் பாருங்கள். வெந்த பிறகு அது எப்படி இருக்கும் என்று அப்போதே தெரிந்துவிடும். திகட்டலாகத் தெரிந்தால் இன்னும் ஒரு தேக்கரண்டி எலுமிச்சை.

முட்டை வேண்டாமா? பால், வெண்ணெய் இல்லாமலும் செய்யலாமா?

மேலே சொன்ன மாவில் முட்டையே இல்லை, தேவையும் இல்லை. பாலுக்குப் பதில் இனிப்புச் சேர்க்காத சோயா பால் அல்லது ஓட்ஸ் பால் ஊற்றலாம். வெண்ணெய்க்குப் பதில் ஃப்ரிட்ஜில் உறையவைத்த தேங்காய் எண்ணெய் 70 கிராம் போதும், வெண்ணெயில் தண்ணீர் சேர்ந்திருப்பதால்தான் அது 85. தேங்காய் எண்ணெய் கை பட்டதும் உருகும், அதனால் கத்தியால் சீவிப் போட்டுக் கரண்டியால் கலக்குங்கள்.

எல்லாம் சரியா செஞ்சேன், ஆனா அடியில குளம் மாதிரி தண்ணி நிக்குது.

இதுதான் நான் அதிகமாகக் கேட்ட புலம்பல். பெரும்பாலும் இரண்டு காரணங்களில் ஒன்று. முதலாவது, சீக்கிரம் வெளியே எடுத்துவிட்டீர்கள். கார்ன்ஃப்ளோர் முழுசாகக் கெட்டியாக வேண்டுமானால் சாறு கிட்டத்தட்ட கொதிநிலைக்கு, 95 டிகிரி அளவுக்குப் போக வேண்டும். ஓரத்தில் கொதிப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள், ஓரம் எப்போதுமே முதலில் கொதிக்கும். நடுவில் உருண்டைகளுக்கு இடையே பாருங்கள். சின்னச் சின்னக் குமிழிகள் வேகமாக வந்து உடைந்தால் அது இன்னும் தண்ணீர்ச் சாறு. குமிழி பெரிசாக, சோம்பலாக எழுந்து, ஒரு கணம் நின்று, பளபளப்பாக உடைந்தால் அப்போது எடுக்கலாம். மாவு அதற்குள் சிவந்துவிட்டால் மேலே அலுமினியத் தாளைத் தளர்வாகப் போட்டு, கொதி வரும் வரை விடுங்கள்.

இரண்டாவது காரணம், பொறுக்காமல் சூடாகவே கரண்டி போட்டது. ஓவனிலிருந்து வந்ததும் சாறு நீர்த்துத்தான் இருக்கும், ஆற ஆறத்தான் இறுகும். குறைந்தது 30 நிமிஷம் தொடாதீர்கள். வாசனை வீடெல்லாம் நிறைந்திருக்கும்போது இது கஷ்டம்தான், ஆனாலும் பொறுங்கள். நாலு பேர் தட்டோடு நிற்கிறார்களே என்று நான் ஒரு தடவை பத்து நிமிஷத்திலேயே பரிமாறி, தட்டெல்லாம் சாறாக ஓடி, மிச்சம் இருந்த பாதி அரை மணி கழித்துக் கச்சிதமாகக் கெட்டிப்பட்டு நின்றதைப் பார்த்தேன்.

மேல நல்லா சிவந்திருக்கு, ஆனா உருண்டைக்கு அடியில பச்சை மாவா இருக்கே?

குளிர்ந்த பழத்தின் மேல் மாவைப் போட்டிருப்பீர்கள். மேலே ஓவன் சூடு, கீழே ஜில்லென்ற சாறு, அப்புறம் அடிப்பக்கம் எப்படி வேகும்? அளவு சொன்ன பதிலில் பழத்தை முதலில் 15 நிமிஷம் தனியாக வைக்கச் சொன்னது இதற்காகத்தான். மாவைப் போர்வை மாதிரி முழுக்க மூடிவிட்டாலும் இதே கதி, ஆவி போக வழி இல்லாமல் மாவு அவிந்துவிடும். உருண்டைகளுக்கு நடுவே விரல் அகலம் இடைவெளி விடுங்கள். சந்தேகமாக இருந்தால் நடு உருண்டையை முள்கரண்டியால் லேசாக நிமிர்த்திப் பாருங்கள், அடிப்பக்கம் சாறு ஊறி ஈரமாக இருக்கலாம், ஆனால் அதற்கு மேல் ரொட்டி போல உதிர வேண்டும். வெப்பமானி இருந்தால் மாவுக்குள் 93 டிகிரிக்கு மேல் காட்ட வேண்டும்.

பருவத்துல பறிச்சு ஃப்ரீசர்ல வெச்ச பழத்துல செய்யலாமா?

தாராளமாக. கழுவி, நன்றாகக் காயவைத்து, தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, உறைந்த பிறகு பையில் அள்ளிப் போடுங்கள். இப்படி வைத்தால் வேண்டிய அளவு மட்டும் எடுக்கலாம், பாறையாகச் சேர்ந்துகொள்ளாது.

செய்யும்போது உருகவிட வேண்டாம், உறைந்தபடியே சர்க்கரையோடு கலந்து பாத்திரத்தில் போடுங்கள். உறைந்த பழம் சாறு அதிகம் விடும், அதனால் கார்ன்ஃப்ளோர் ஒரு மேசைக்கரண்டி கூடுதல். மாவு போடுவதற்கு முன் 15 நிமிஷத்துக்குப் பதில் 25 முதல் 30 நிமிஷம் ஓவனில் வைத்து, ஓரத்தில் கொதி தெரிந்த பிறகே மாவு. ஒரு எச்சரிக்கை: ஃப்ரீசரில் இருந்த கண்ணாடிப் பாத்திரத்தை அப்படியே சூடான ஓவனில் வைத்தால் வெடித்துவிடும். பழம் உறைந்திருக்கலாம், பாத்திரம் உறைந்திருக்கக் கூடாது.

ஓவன் இல்லை. அடுப்பிலேயே முடியுமா?

முடியும், ஆனால் மேலே மொறுமொறுப்பு வராது. அடி கனமான, இறுக்கமாக மூடும் அகலப் பாத்திரத்தில் பழம், சர்க்கரை, கார்ன்ஃப்ளோர் கலவையோடு 100 மி.லி. தண்ணீர் ஊற்றி, கிளறிக்கொண்டே கொதிக்கவிடுங்கள். கெட்டியாகத் தொடங்கியதும் தீயைக் குறைத்து, அதே மாவை உருண்டைகளாகப் போட்டு மூடி, 15 முதல் 20 நிமிஷம் மூடியைத் திறக்கவே கூடாது. ஆவியில்தான் மாவு வேகிறது, திறந்தால் அமுங்கிவிடும். வட அமெரிக்காவின் கிழக்குக் கரையோரத்தில் இதற்கு கிரண்ட், ஸ்லம்ப் என்று தனிப் பெயர்களே உண்டு.

பாத்திரம் வெறும் அலுமினியமாகவோ, எனாமல் பூசாத இரும்பாகவோ இருந்தால் வேண்டாம், பழப்புளிப்பு உலோகத்தோடு சேர்ந்து வாயில் ஒரு மாதிரிச் சுவை நிற்கும். ஓவனுக்கும் இதே விதிதான். எவர்சில்வர், எனாமல் பூசியது, பீங்கான், கண்ணாடி எல்லாம் நல்லது, ஆனால் கண்ணாடியும் பீங்கானும் ஓவனுக்கு மட்டும்.

வேற ஒரு குறிப்புல வெண்ணெயை உருக்கி, மேல மாவுக் கரைசலை ஊத்தி, அதுக்கு மேல பழம் போடச் சொல்றாங்க. எது சரி?

இரண்டுமே காப்ளர்தான். அந்த வகையில் கரைசல் பொங்கி எழுந்து பழத்தைச் சுற்றி வந்துவிடும், கிட்டத்தட்ட கேக் மாதிரி இருக்கும். சீக்கிரம் முடியும், தோற்காது. ஆனால் காட்டு பெர்ரிக்கு எனக்கு உருண்டை வகைதான் பிடிக்கும். அத்தனை முள்ளில் கையைக் கிழித்துக்கொண்டு பறித்த பழம் கேக்குக்குள் ஒளிந்துகொள்வதில் எனக்குச் சம்மதம் இல்லை.

விதை பல்லுல மாட்டுது, வீட்டுல பெரியவங்க சாப்பிட மாட்டேங்கறாங்க.

காட்டு பிளாக்பெர்ரியில் பழம் சின்னது, விதை பெரிசு. பாதிப் பழத்தை ஒரு பாத்திரத்தில் லேசாகச் சூடாக்கி மசித்து, சல்லடையில் கரண்டியின் பின்பக்கத்தால் தேய்த்து வடிகட்டுங்கள். அந்தக் கூழை முழுசாக இருக்கும் மீதிப் பாதியோடு கலந்தால் விதை பாதியாகும், கடிக்கப் பழமும் இருக்கும். முழுவதையும் வடிகட்டினால் ஜாம் மேல் பிஸ்கட் வைத்த மாதிரி ஆகிவிடும், அதை நான் சொல்ல மாட்டேன்.

பாலுக்குப் பதிலா மோர் ஊத்தி சமையல் சோடா போட்டேன். மாவோட அடிப்பக்கம் நீலமும் பச்சையுமா மாறிடுச்சு! கெட்டுப்போச்சா?

கெடவில்லை, பயமில்லாமல் சாப்பிடலாம். பெர்ரிக்கு நிறம் தருவது ஆந்தோசயனின். புளிப்பு உள்ள இடத்தில் அது சிவப்பாக இருக்கும், காரத்தன்மை கூடக் கூட நீலமாகும், இன்னும் கூடினால் பச்சை. சோடா காரம். மோரின் புளிப்பைத் தாண்டி சோடா மிஞ்சிவிட்டால் சாறு படுகிற இடமெல்லாம் இப்படித்தான் நிறம் மாறும், கொஞ்சம் சோப்பு வாடையும் வரலாம்.

150 மி.லி. புளித்த மோருக்குக் கால் தேக்கரண்டி சோடா போதும், கூடவே பேக்கிங் பவுடரை இரண்டிலிருந்து ஒரு தேக்கரண்டியாகக் குறைத்துவிடுங்கள். சோடா கட்டியாக நின்றாலும் அந்த இடத்தில் மட்டும் பச்சைப் புள்ளி விழும், அதனால் மைதாவோடு சேர்த்துச் சலித்துக்கொள்ளுங்கள்.

விருந்துக்கு முதல் நாளே செஞ்சு வைக்கலாமா? மிச்சத்தை என்ன பண்றது?

முழுசாகச் செய்துவைக்காதீர்கள், மேல் மாவு இரவெல்லாம் சாற்றை உறிஞ்சி நனைந்துவிடும். முதல் நாள் மைதாவில் வெண்ணெயைப் பிசறி டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள், பழத்தைச் சுத்தம் செய்து (கழுவுவது மட்டும் மறுநாள்) வையுங்கள். பழத்தில் சர்க்கரையும் அப்போது கலக்க வேண்டாம், விடிவதற்குள் சாறெல்லாம் விட்டுவிடும். விருந்தன்று பழத்தைக் கழுவிச் சர்க்கரை கலந்து ஓவனில் வைத்துவிட்டால், அப்புறம் பால் ஊற்றுவது, உருண்டை போடுவது இரண்டும்தான் வேலை. எல்லாரும் சாப்பிட உட்காரும் நேரத்தில் ஓவனிலிருந்து எடுத்துவிட்டால், சாப்பாடு முடிவதற்குள் நான் சொன்ன அந்த 30 நிமிஷம் தானாகவே கழிந்துவிடும்.

மிச்சம் இருந்தால் மூடி ஃப்ரிட்ஜில் மூன்று நாள் வரை வைக்கலாம். திரும்பச் சூடாக்க மைக்ரோவேவ் வேண்டாம், மாவு தொளதொளவென்று ஆகிவிடும். 175 டிகிரி ஓவனில் மூடாமல் 15 நிமிஷம் வைத்தால் மேலே மறுபடி மொறுமொறுப்பு வரும்.